இலகுவான வேலை என்றால் எத்தனை கிலோ?

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். கையெழுத்து டொக்டருடையது, வசனம் என்னுடையது. "இவர் 28 வாரக் கர்ப்பிணி. இலகுவான வேலை கொடுத்து உதவவும்." இருபது வருடமாக இதே வசனத்தை எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன். எழுதியதும் என் பங்கு முடிந்தது என்று அடுத்தவரின் அட்டையைக் கையில் எடுத்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அதே பெண், வயிறு கல்லு மாதிரி இறுகி இறுகி விட, இரவு பத்து மணிக்கு ஓட்டோவில் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். என் கடிதம் அவளுடைய கைப்பைக்குள் நாலாக மடித்தபடி கிடந்தது. அதை வாசித்த சூப்பர்வைசர், "எது இலகுவான வேலை எண்டு இதில ஒண்டும் போடேல்லையே, பிள்ளை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தார். அவர் கேட்டதில் பிழை இல்லை. அந்தக் கேள்விக்கு என்னிடமும் அன்று பதில் இருக்கவில்லை.

நான் திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டை ரோட்டோரக் கரைக் கிராமங்களில் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறேன். ஊரில் எல்லாருக்கும் 'மிட்வைஃப் மிஸ்'. இதை எழுத அந்தப் பெண் சம்மதம் தந்திருக்கிறாள். அவளுடைய பெயரும் கிராமமும், அவள் அறை துப்புரவு செய்யும் ஹோட்டலின் பெயரும் இங்கே வராது. என்னைப்போல் கிளினிக்கில் துண்டுக் கடிதம் எழுதுகிறவர்களுக்கும், அந்தக் கடிதத்தை வாங்குகிறவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அவளும் அந்த வேலையும்

வயது 27. இரண்டாவது கர்ப்பம். மூத்தவனுக்கு நாலு வயது. அவன் பிறக்கும்போது 2.3 கிலோ. 2.5 கிலோவுக்குக் குறைந்தால் நிறை குறைந்த பிள்ளை என்பதால், இந்த முறை பதியும்போதே அட்டையில் கவனக் குறி போட்டுவிட்டேன். கணவர் ஒருநாள் படகில் தொழிலுக்குப் போகிறவர். எஞ்சினுக்கு எடுத்த கடன் மாதாமாதம் கட்ட வேண்டும். ஜனவரியில், ஏழாவது வாரத்திலேயே வந்து பதிந்தாள். கிளினிக்கைத் தவற விட்டதில்லை. ஹோட்டலில் மட்டும் ஐந்தாம் மாதம் வரை வாய் திறக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகுதான் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் ஹோட்டல்கள் இவ்வளவு பெருகின. ஆனால் பொம்பிளைப் பிள்ளை ஹோட்டல் வேலைக்குப் போவதென்றால் கரைக் கிராமங்களில் பல வீடுகளில் இன்னும் முகம் சுளிப்பார்கள். அவள் மாமியோடு ஒரு வருடம் மல்லுக்கட்டி வாங்கிய வேலை அது. வயிறு தெரிய வந்தால் வீடும் ஹோட்டலும் ஒரே குரலில் "இனி வீட்டில இரு" என்று சொல்லும் என்று பயந்தாள்.

இன்னொரு காரணம் பணம். அடிப்படைச் சம்பளம் சிறியது. விருந்தினரின் பில்லில் பத்து வீதமாகச் சேரும் சேர்விஸ் சார்ஜ் மாத முடிவில் ஊழியருக்குள் பிரியும். சீசனில் அந்தப் பங்கு சம்பளத்தைத் தாண்டிய மாதங்களும் அவளுக்கு இருந்தன. லீவில் நிற்பவருக்கு அந்த ஹோட்டலில் பங்கு கிடையாது. எங்கள் கரைக்குச் சீசன் மே முதல் செப்டம்பர் வரைதான். நவம்பர், டிசம்பரில் வாடைக் காற்றோடு கடல் பொங்கும்போது அறைகள் வெறுமையாகக் கிடக்கும். அவளுக்கோ பிரசவத் திகதி செப்டம்பர் முதல் வாரம். வயிறும் சீசனும் ஒன்றாகவே ஏறின.

"நான் நிண்டா காசும் நிண்டிடும், மிஸ்."

28 வாரத்தில் 'ஓய்வு எடு பிள்ளை' என்று நான் சொன்னதற்கு அவள் தந்த பதில் இது. நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் அந்தக் கடிதத்தை எழுதினேன். அவளை எந்தக் கணக்கு நிற்க விடாமல் ஓட வைக்கிறது என்று நான் அன்றே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

31ஆம் வாரம்

ஜூலை தொடக்கம். நீண்ட விடுமுறை வார இறுதி. தெற்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வான்களில் வந்து நிறைந்திருந்தார்கள். வழக்கமாகப் பன்னிரண்டு அறை செய்கிறவளுக்கு அன்று பதினாறு. பகல் பதினொன்றுக்கு ஆட்கள் வெளியேற, இரண்டு மணிக்கு அடுத்தவர்கள் வந்துவிடுவார்கள். அந்த மூன்று மணித்தியாலம்தான் இந்த வேலையின் கழுத்துப்பிடி.

வெளியே கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனி, ஆடியில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மேற்கேயிருந்து வரும் அந்தக் காய்ந்த காற்று உடம்பில் உள்ள நீரையெல்லாம் உறிஞ்சிவிடும். உள்ளே இன்னும் மோசம். விருந்தினர் அறைச் சாவி அட்டையை எடுத்துக்கொண்டு போனதும் ஏசி நின்றுவிடும். துப்புரவு செய்கிறவர்கள் பூட்டிக் கிடந்த அந்த வெக்கைக்குள்தான் வேலை செய்ய வேண்டும்.

நாலு மணியளவில் வயிறு இறுகத் தொடங்கியிருக்கிறது. மிச்சமிருந்த மூன்று அறையையும் முடித்திருக்கிறாள். பஸ்ஸில் இடமில்லாமல் நாற்பது நிமிடம் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். வீட்டில் சோறு வடித்து, பிள்ளைக்குத் தீத்திவிட்டுப் படுத்தபோது இறுக்கம் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தது. மாமிதான் எனக்குப் போன் எடுத்தார். மாதம் ஆகமுன் வயிறு ஒழுங்கான இடைவெளியில் இறுகினால் விடியட்டும் என்று பார்க்கக் கூடாது என்று நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். இரத்தம் பட்டாலும், பன்னீர்க்குடம் உடைந்தாலும், பிள்ளையின் துடிப்புக் குறைந்தாலும், தலையிடியோடு கண் மங்கினாலும் அப்படித்தான். அந்த மாமி, மருமகளின் வேலையை விரும்பாதவர், அன்று இரவு ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டாமல் ஓட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கருப்பை வாய் திறக்கவில்லை. சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தது. உடம்பு வறண்டிருந்தது. சேலைன் ஏற்றி, தொற்றுக்கு மருந்து கொடுத்து, ஒருவேளை பிள்ளை முந்திப் பிறந்தால் நுரையீரல் தயாராக இருக்கட்டும் என்று அதற்கான ஊசியும் போட்டார்கள். இரண்டாம் நாள் இறுக்கம் அடங்கியது. நாலு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹீமோகுளோபின் 10.2. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. வயிற்று உயரம் 28 சென்ரிமீற்றர். 24 வாரத்துக்குப் பிறகு சென்ரிமீற்றரும் வார எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஏறும், இரண்டு மூன்று கூடிக் குறையலாம். இவளுடையது அந்த ஓரத்தில் நின்றது. ஸ்கானில் பிள்ளை சிறிது, ஆனால் இரத்த ஓட்டம் நல்லது.

பாயில் நடந்த ஒத்திகை

வீட்டுக்கு வந்த மறுநாள் போனேன். இந்த முறை அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "காலமை அஞ்சு மணியில இருந்து ஒண்டொண்டாச் சொல்லு, பிள்ளை" என்று கொப்பியைத் திறந்தேன். ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். இருபது வருடத்தில் ஒரு கர்ப்பிணியின் வேலையை நான் இவ்வளவு நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை.

மெத்தையை எப்படித் தூக்குவாய் என்றேன். திண்ணையில் கிடந்த பஞ்சு மெத்தையை வைத்துக் காட்டினாள். முழங்காலை மடக்காமல், இடுப்பால் குனிந்து, ஒரு கையால் மூலையைத் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் விரிப்பை உள்ளே செருகுகிறாள். வயிறு முன்னுக்கு நிற்பதால் மெத்தைக்குக் கிட்டப் போக முடியவில்லை. கையை எட்டி நீட்டித்தான் பாரத்தைப் பிடிக்கிறாள். பாரம் உடம்பை விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு முதுகில் சுமை ஏறும். ஒரு கட்டிலுக்கு நாலு மூலை, இரண்டு விரிப்பு. பன்னிரண்டு அறைக்கு எண்ணிப் பார்த்தோம். கிட்டத்தட்ட நூறு தடவை.

அப்புறம் அழுக்குத் துணி மூட்டை. விரிப்பு, துவாய், கடலில் குளித்துவிட்டு வந்தவர்கள் போட்ட ஈரத் துவாய் எல்லாம் ஒரே பையில். மேல்மாடியில் இருந்து பதினெட்டுப் படி இறக்க வேண்டும். லிப்ட் இல்லை. எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டேன். "பாரம்தான் மிஸ்" என்றாள்.

குளியலறையில் குந்தியிருந்து தேய்ப்பது, பிளீச் வாசனை, அதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். (கழிப்பறை கழுவும் அசிட்டையும் பிளீச்சையும் ஒன்றாக ஊற்றாதே என்று மட்டும் அழுத்திச் சொன்னேன். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். வயிற்றில் பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நஞ்சு.) நான் எதிர்பாராத ஒன்று கொப்பியில் வேறு இடத்தில் வந்து விழுந்தது. ஒன்பது மணித்தியால வேலையில் எத்தனை தரம் சிறுநீர் கழிக்கப் போவாய் என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு தரம். சில நாள் ஒரு தரம். விருந்தினர் அறைக் கழிப்பறையை ஊழியர் பாவிக்கக் கூடாது. ஊழியருக்கானது சமையலறைக்குப் பின்னால், மணல் தாண்டி. போய்வரப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு குளியலறை முடிந்துவிடும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தாள். நாள் முழுக்கப் பன்னிரண்டு கழிப்பறைகளைக் கழுவுகிற பெண்ணுக்குப் போக ஒரு கழிப்பறை இல்லை.

எனக்கு அன்று நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. கர்ப்ப காலத்தில் சிறுநீர்க் குழாய்கள் இயல்பாகவே தளரும், கருப்பையும் அழுத்தும், சிறுநீர் தேங்கும். அதோடு அடக்கியும் வைத்தால், தண்ணீரும் குடிக்காவிட்டால், கிருமி வளர்வதற்கு வேறென்ன வேண்டும்? அந்தத் தொற்றே வயிற்றை இறுக வைத்துக் குறைமாதத்தில் கொண்டுபோய் விடக்கூடும். நான் பாரத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றது வேறொன்று.

இரும்புச் சத்து மாத்திரையை எப்போது போடுகிறாய் என்றும் கேட்டேன். பத்து மணி பிளேன்டீயோடு. தேயிலையோடு விழுங்கினால் அந்தச் சத்தை உடம்பு சரியாக எடுக்காது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு போடச் சொன்னேன். கர்ப்பிணிக்கென்று கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாச் சத்துமா மூத்தவனின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது. அதற்கு நான் கோபிக்கவில்லை. எந்தத் தாய் பிள்ளை கேட்டுக் கொடுக்காமல் விடுவாள்?

தராசு

பிள்ளைகளை நிறுக்க நாங்கள் கொண்டு திரியும் தொங்கு தராசு 25 கிலோ வரை காட்டும். அடுத்த லீவு நாளில் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். முன்கூட்டியே சூப்பர்வைசருக்குப் போன் பண்ணியிருந்தேன். நாற்பது வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்திருப்பார். தராசை எடுத்ததும் முகம் மாறியது. அவரே மேல்மாடிப் பையை இறக்கிக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டினார். 17 கிலோ. "இவ்வளவா?" என்று அவரே கேட்டார். மெத்தை மூலையைக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்த்தோம். 9 கிலோ.

இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2013இல் கர்ப்பிணிகளுக்கான தூக்கும் அளவுகளைத் தற்காலிக வழிகாட்டலாக வெளியிட்டார்கள். 20 வாரம் கடந்த பெண், உடம்போடு ஒட்டிப் பிடித்து, எப்போதாவது தூக்குவதென்றால் சுமார் 12 கிலோ வரை. திரும்பத் திரும்ப, ஆனால் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்டுத் தூக்குவதென்றால் 10 கிலோ. நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப என்றால் 6 கிலோ மட்டும். கையை எட்ட நீட்டினால் அளவு இன்னும் இறங்கும். கணுக்காலுக்குக் கிட்டக் கிடப்பதையும், தலைக்கு மேலே இருப்பதையும் தூக்கவே கூடாது. இவள் கையை நீட்டி, 9 கிலோவை, நூறு தடவை தூக்கினாள். 17 கிலோவைப் படியில் இறக்கினாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாரம் தூக்கியதால்தான் அவளுக்கு அப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. அதிக பாரமும் நீண்ட நேரம் நிற்பதும் இரவு வேலையும் குறைமாதப் பிரசவத்துக்கும் நிறைக்குறைவுக்கும் உள்ள வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அந்தக் கூடுதல் சிறியது. கடினமாக வேலை செய்த பெரும்பாலான பெண்கள் நிறைமாதத்தில் நல்ல பிள்ளை பெறுகிறார்கள். எங்கள் தாய்மார் நாற்று நட்ட வயலிலிருந்து வந்து எங்களைப் பெற்ற கதையெல்லாம் பொய்யில்லை. பயப்படுத்திப் பெண்களை வீட்டில் உட்கார வைப்பது என் நோக்கமும் இல்லை. ஆனால் இவளிடம் எத்தனை சேர்ந்திருந்தன என்று பாருங்கள்: முதல் பிள்ளை நிறைக்குறைவு, இரத்தச்சோகை, தொற்று, வறட்சி, பதினாறு அறை. கர்ப்பத்தில் உடம்பின் இரத்த அளவு 40 முதல் 50 வீதம் வரை கூடுகிறது, இதயம் அதற்கேற்ப வேலை செய்கிறது, இடுப்பைப் பிணைக்கும் தசைநார்கள் தளர்கின்றன. அந்த உடம்பு ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிறது. அதன் மேல் எதை ஏற்றுகிறோம் என்பதைத்தான் நான் எண்ணிப் பார்த்தேன்.

மனேஜரின் முதல் பதில்

மனேஜர் தெற்கைச் சேர்ந்தவர், மரியாதையான மனிதர். பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் பேசினோம். கணக்கைப் பார்த்ததும் உடனே சொன்னார்: "அப்ப அவங்க இன்னையில இருந்து லீவு எடுக்கட்டும் மிஸ், ஒரு பிரச்சினையும் இல்ல."

சம்பளமில்லாத லீவு. நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் பெண் ஐந்து மாதமாக எதற்குப் பயந்து வயிற்றை மறைத்தாளோ அதுவேதான் இது. இந்த இடத்தில் நான் சட்டத்தைப் பேச வேண்டியிருந்தது.

ஹோட்டல் ஊழியர் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வருகிறார்கள். 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் பிரசவ லீவு 84 நாள். முந்திய 14, பிந்திய 70. கர்ப்பம் என்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நிறுத்த முடியாது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதமும் பிந்திய மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு விளைவிக்கும் வேலையில் பெண்ணை அமர்த்தக் கூடாது என்கிறது. நல்ல வரிகள். ஆனால் 'கேடு விளைவிக்கும் வேலை' எது என்று கிலோக் கணக்கில் அங்கேயும் இல்லை. என் கடிதத்தில் இருந்த அதே ஓட்டை.

அரச வேலையில் இருக்கும் எங்களுக்கு ஐந்தாம் மாதத்திலிருந்து அரை மணித்தியாலம் பிந்தி வரவும் முந்திப் போகவும் அனுமதி உண்டு. என் சின்னவளை வயிற்றில் சுமந்தபோது அந்த அரை மணித்தியாலத்தால் எனக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அது எவ்வளவு பெரிய விடயம் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் மனேஜரிடம் முதலில் கேட்டேன். மூன்றரைக்கு அனுப்பிவிடுங்கள், அவள் உட்கார்ந்து வீட்டுக்குப் போகட்டும் என்று. சிரித்துச் சம்மதித்தார். ஒன்றுக்குச் சம்மதித்த பிறகு மற்றவை கொஞ்சம் சுலபமாயின.

இரண்டாவது கடிதத்தை அங்கேயே மேசையில் இருந்து எழுதினேன். டொக்டர் மறுநாள் கையெழுத்திட்டார். அது இப்படி இருந்தது:

"32 வாரக் கர்ப்பிணி. 6 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. மெத்தையைத் தனியாகத் தூக்கக் கூடாது. இருவர் சேர்ந்து விரிக்கும்போது விரிப்பைச் செருகும் வேலை மட்டும் செய்யலாம். துணி மூட்டையைப் படியில் இறக்கக் கூடாது. குந்தியிருந்து தேய்க்கும் வேலை வேண்டாம். தூசு துடைத்தல், தலையணை உறை மாற்றுதல், துவாய் மடித்தல், அறை சரிபார்த்தல் செய்யலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் கதிரையில் உட்கார வேண்டும். கிட்டவுள்ள கழிப்பறையை எப்போதும் பாவிக்க அனுமதி வேண்டும். தண்ணீர்ப் போத்தல் டிரொலியில் இருக்க வேண்டும். 34ஆம் வாரத்தில் மீண்டும் பார்த்து எழுதித் தரப்படும்."

சூப்பர்வைசர் அதை வாசித்துவிட்டு, "இது எனக்கு விளங்குது" என்றார். கீழ்த்தளத்தில் பழுதுபார்க்க மூடியிருந்த ஓர் அறையின் சாவியை, அங்குள்ள கழிப்பறையைப் பாவிக்க, அவளுக்கென்று ஒதுக்கினார். வேலைப் பட்டியலில் பெயர் இருப்பதால் சேர்விஸ் சார்ஜ் பங்கும் குறையவில்லை. அவளுக்கு அதுதான் முதல் கேள்வி, அதுதான் கடைசிக் கேள்வி.

இன்னொருத்தியின் முதுகு

இங்கே எனக்கு இன்னும் மனம் ஆறாத ஒரு பகுதி இருக்கிறது. அவள் தூக்காத மூட்டையை யாரோ தூக்க வேண்டும். சோடியாகப் போட்ட பிள்ளைக்கு 22 வயது, கலியாணம் ஆகாதவள். மூன்றாவது நாள் அவளே எனக்குப் போன் எடுத்தாள்.

"மிஸ், எனக்கும் முதுகு இருக்குத்தானே?"

அவள் சொன்னது உண்மை. ஒருத்தியின் பாரத்தைக் குறைத்து இன்னொருத்தியின் தலையில் வைத்திருந்தேன். சேர்விஸ் சார்ஜ் இருவருக்கும் ஒரே அளவுதான், வேலை மட்டும் கூடிவிட்டது என்பதும் அவளுக்குக் கோபம். நான் மன்னிப்புக் கேட்டேன். மறுபடி சூப்பர்வைசரோடு பேசினேன். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: ஒரு பெரிய பைக்குப் பதிலாக இரண்டு சின்னப் பை, ஈரத் துவாய்க்குத் தனியாக ஒரு வாளி, படியில் இறக்கத் தோட்டத்துப் பையனின் உதவி. பை ஒவ்வொன்றும் 8 கிலோவுக்கு வந்தது. கர்ப்பிணிக்காகத் தொடங்கியது, கடைசியில் ஆறு பெண்களின் முதுகுக்கு உதவியது. ஆனால் அந்த முதல் மூன்று நாளும் அந்தப் பிள்ளை தூக்கியது தூக்கியதுதான். இப்படி ஒரு கடிதம் எழுதுகிறபோது, பாரம் யாரிடம் போய்ச் சேரும் என்பதையும் அதே மேசையில் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

பிரசவம்

34 வாரத்தில் வயிற்று உயரம் 32. ஹீமோகுளோபின் 10.9. சிறுநீர் சுத்தம். பிள்ளையின் துடிப்பை அவளே எண்ணி எழுதி வந்தாள். 36 வாரம் முடியும் வரை வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு மிச்சமிருந்த வருட லீவையும் பிரசவத்துக்கு முந்திய லீவையும் சேர்த்து எடுத்தாள். கடைசி நாளில் சூப்பர்வைசர் ஒரு சோடி குழந்தைத் துவாய் கொடுத்தனுப்பினார்.

38 வாரமும் நாலு நாளும். பெண் பிள்ளை, 2.7 கிலோ, சுகப்பிரசவம். மாமி எனக்கு இரவு ஒரு மணிக்குப் போன் எடுத்து, "மகள், பேத்தி அண்ணனை விட நானூறு கிராம் கூட" என்றார். அவர் சந்தையில் மீன் நிறுத்து விற்றவர், கிராம் கணக்குப் பிழைக்காது.

அடுத்த சீசனில் மனேஜர் மாறினார். கழிப்பறைச் சாவி திரும்ப வாங்கப்பட்டது. சின்னப் பைகள் மட்டும் நிலைத்துவிட்டன. சாவிக்காக நான் மறுபடி போக வேண்டியிருந்தது. மூன்று தடவை போனேன். இப்போது பணியாளர் கழிப்பறை ஒன்று கட்டிடத்தோடு ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள்.

யாருக்கு எழுதுவது?

இவளுக்கு நியமனக் கடிதம் இருந்தது, மாதச் சம்பளச் சீட்டு இருந்தது, என் கடிதத்தை நீட்ட ஒரு மேசை இருந்தது. அதே ரோட்டில் இன்னும் வடக்கே போனால் கரையோரம் மீன்வாடிகள். கருவாட்டுக்கு மீன் வெட்டுகிற, உப்புப் போடுகிற, தட்டியில் பரப்பிப் புரட்டுகிற பெண்கள் அங்கே நாட்கூலிக்கு நிற்கிறார்கள். மணலில் குந்தியபடி, வெயிலில், உப்பு அரித்த கையோடு. வேலைக்கு வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. சேர்விஸ் சார்ஜும் இல்லை, 84 நாளும் இல்லை. இந்த மாதம் என் கிளினிக்கில் அவர்களில் இரண்டு பேர் 26 வாரத்துக்கு மேல்.

அவர்களுக்கு நான் கடிதம் எழுதவில்லை. போன கிழமை வாடிக்காரரின் மனைவியோடு பேசினேன். அவரும் என் கையில் பிள்ளை பெற்றவர்தான். கூடையைப் பாதி நிரப்பித் தூக்கலாமா, மீன் வெட்டும் பலகையைக் குந்தி இருக்கும் உயரத்திலிருந்து கதிரை உயரத்துக்கு ஏற்றலாமா, பின்னேரம் வெட்டுவதற்கு நிழலுக்கு ஒரு கிடுகுப் பந்தல் போடலாமா, அவருடைய வீட்டுக் கழிப்பறையை அந்த இரண்டு பிள்ளைகளும் பாவிக்கலாமா என்று கேட்டேன். கழிப்பறைக்கு உடனே சரி சொன்னார். பலகைக்கு, "அவரிட்டக் கேட்டுச் சொல்றன்" என்றார். கூடைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அது அவ்வளவு பாரமில்ல மிஸ், நான் தூக்கினதுதானே."

வருகிற செவ்வாய்க்கிழமை விடிய ஐந்தரைக்கு, படகு வந்து மீன் இறக்குகிற நேரத்துக்கு, தராசோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.